நிலோஃபருக்கு வரும் போன்

சாஜிதா,

பால் காய்ச்சி, உம்மாவுக்கு மாத்திரை கொடுத்தாயிற்று. இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. நான் நீடாமங்கலத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறேன்.

உன் மதினி நிலோஃபரின் கேம் கணக்கை எவனோ ஹேக் செய்து, அவள் வாங்கிய விளையாட்டுகளையெல்லாம் பிடித்துக்கொண்டான். கணக்கை மீட்டுத் தர, இன்று கேம் கம்பெனியிலிருந்து அவள் போனுக்குக் கூப்பிடுவார்கள். அவள் உயிரோடு இல்லை என்று தெரிந்தால் கணக்கையே மூடிவிடுவார்கள். போன் மேசைமேல் இருக்கிறது. "நிலோஃபரா?" என்று கேட்டால், ஆமாம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

"மவுத்தானவங்க பேர்ல பொய்யா? கேம்தானேண்ணே, வேற வாங்கிக்கலாம்" என்று நேற்று நீ சொன்னதற்குப் பதில் கீழே இருக்கிறது.

அண்ணன்

பி.கு: ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அவள் பாதியில் விட்ட ஆட்டம் அந்தக் கணக்கில் அப்படியே இருந்தது. ஆட்டோவில் ஏறும்போது அவள் சொன்னதுதான் கடைசிப் பேச்சு: "நான் வர்றவரைக்கும் என் ஆட்டத்துல கை வைக்காதீங்க."