கப்புக்குள் வராத மழைத்தண்ணீர்

பாசமுள்ள மருதை மச்சான்,

நீங்க போய் ஒரு வருசம் ஆகப்போகுது. உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். நீங்க சொன்னதுதான் சரி. நான் எழுதிக் கொடுத்தது தப்பு.

என் அக்காவைக் கட்டுவதற்கு முன்பிருந்தே கொத்மலைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் தண்ணீர் பார்க்கிற ஆள் நீங்க. மலையில் இருக்கிற ஊற்று, அதிலிருந்து நம்ம ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வரும் குழாய், நடுவில் உள்ள தொட்டி எல்லாம் உங்க பொறுப்பு. ஊற்றுக்கு மேலே தேயிலைக்கு உரம் போட்டு மழை பெய்தால் தண்ணீர் ஒரு மாதிரி இருக்குது, வேறு ஊற்றிலிருந்து குழாய் இழுத்துத் தாங்க என்று நீங்கதான் தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் மனு கொடுத்தீங்க. சோதித்துப் பார்க்கலாம் என்றார்கள். ஆய்வுகூடத்திலிருந்து சோதிக்க வந்தது நான். நம்ம மச்சினன் வந்திருக்கான், இனிக் கவலையில்ல என்று லயமெல்லாம் சொன்னீங்களாமே.

சோதனைக்கான எட்டுக் குழாய்களையும் ஊற்றுக்கு மேலே தேயிலை மண்ணுக்குள் நாம் இருவர்தான் இறக்கினோம். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சுடுமண் கப்பு. கைப்பம்பால் காற்றை இழுத்து மூடிவிட்டால், மண்ணில் தங்கிய ஈரம் கப்பின் நுண்ணிய துளைகள் வழியாக மெல்ல உள்ளே கசியும். வாரம் ஒருமுறை அதை எடுத்துப்போய், உரத்திலிருந்து நைட்ரேட் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். பத்தடி தூரத்துக்குள் எட்டுக் கப்பும் எட்டு விதமாகச் சொன்னது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் சராசரி போட்டேன்.

ஒரு நாள் அடைமழையில் என் அதிகாரியும் கூட இருந்தார். பட்டுப்போன ஒரு மரத்தடிக்கு எங்களைக் கூட்டிப் போனீங்க. அதன் வேர் மக்கி விழுந்த பொந்துக்குள் மழைத்தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே ஊற்று கலங்கியது. நீங்க என்னைப் பார்த்துக் கேட்டீங்க.

"தம்பி, ஒங்க கப்பு குடிக்கிற தண்ணியும் நாங்க குடிக்கிற தண்ணியும் ஒண்ணா?"

அதிகாரி சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. "இதெல்லாம் ஒங்களுக்கு வெளங்காது மச்சான்" என்றேன்.

தலையில் போட்டிருந்த சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனீங்க. அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் வந்து பம்பு அடித்துக் கொடுத்தீங்க. அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. ஏன் மச்சான்? ஒரு தடவையாவது திட்டியிருக்கக் கூடாதா?

உரம் கீழே அதிகம் இறங்கவில்லை என்று என் அறிக்கை சொன்னது. மனுவை ஓரமாக வைத்துவிட்டார்கள். நாலு மாதத்தில் நீங்களும் நெஞ்சுவலியில் போயிட்டீங்க. அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் சொன்னார். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

குழாய்களைப் பிடுங்கப் போன அன்றும் மழை. மனசு கேட்காமல், குழாய்களைப் பிடுங்காமல் விட்டுவிட்டு ஊற்றிலேயே போத்தலைப் பிடித்தேன். உரம் போட்ட பிறகு வந்த ஒவ்வொரு மழைக்கும் போனேன். ஊற்றுத் தண்ணீரில் நைட்ரேட் குடிக்கக்கூடிய அளவுக்கு மேலே இருந்தது. அதே நாட்களில் கப்புகள் ஒன்றுமே நடக்காதது போல இருந்தன. தங்கி நிற்கிற ஈரத்தைத்தான் அவை குடிக்கின்றன. பொந்திலும் வெடிப்பிலும் ஓடுகிற தண்ணீர் அவற்றைத் தொடாமலே போய்விடுகிறது. கப்பு பொய் சொல்லவில்லை மச்சான். அதற்குத் தெரியாததை அதனிடம் கேட்டது நான்தான்.

அந்தத் தண்ணீரில்தான் லயத்துப் பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்தார்கள். நைட்ரேட் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து, கொதிக்க வைத்தாலும் போகாது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பிள்ளைகளை யாரும் சோதித்துப் பார்க்கவில்லையே.

அதிகாரியிடம் சொன்னேன். முதல் அறிக்கையில் என் கையெழுத்தும் இருப்பதை ஞாபகப்படுத்தினார். தெரியும் என்றேன். புது அறிக்கை போனது. ஊற்றுக்கு மேலே உரம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மலையிலிருந்து குழாய் பாதி தூரம் வந்திருக்கிறது.

போன வாரம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மழைநாளில் உங்களைப் பேசியதையும் சேர்த்து. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள்.

"அவரு இருக்கையிலேயே சொல்லியிருக்கலாம்லடா" என்றாள். அவ்வளவுதான்.

மச்சான், வருகிற ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் கோயிலடியில் கூடுகிறார்கள். தோட்டம்தான் தப்புப் பண்ணியது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, முதலில் தப்பாக எழுதியவன் நான் என்று சொல்வேன். அதிகாரியின் பின்னால் ஒளிய மாட்டேன். குழாய் வந்து சேரும்வரை, பால்மா குடிக்கிற பிள்ளை உள்ள வீடுகளுக்கு வேறு ஊற்றுத் தண்ணீரை நானே சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பேன். இது சத்தியம்.

உங்க மதிப்பைக் காப்பாற்றத் தெரியாத மச்சினன்,
சிவலிங்கம்