நாற்பது பெயர், இரண்டு நிரை

ஆத்தடித் தோட்டம், நீலாய்.
ஜப்பான் கணக்குக்கு 2603. நம் கணக்குக்கு சுபானு வருஷம், ஆனி மாதம் 9, புதன்கிழமை.

மம்பாவில் இருக்கும் என் உடன்பிறந்த தங்கை முத்தாயிக்கு, அண்ணன் இராஜமாணிக்கம் மனதார வாழ்த்தி எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். வெள்ளைக்காரத் துரைமார் காரில் ஏறி ஓடினார்களே, அன்றைக்கே சொன்னேன். ரப்பர்ப் பால் நிறுக்கும் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு, "பாலை நிறுத்தது போதும், இனிமேல் இந்தத் தோட்டத்தில் ஆளை நிறுப்பார்கள்" என்றேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

பஞ்சாலை, கண்ணு, இதை அம்மாவுக்கு நீதான் படித்துச் சொல்வாய். முதலில் அவளை உட்காரச் சொல். நடுவில் நிறுத்தாதே. பென்சில் ஒரு விரல்கடைதான் இருக்கிறது, எழுத்து கோணினால் பென்சிலைத் திட்டு, மாமனைத் திட்டாதே.

முத்தாயி, சந்திரனைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் பிள்ளை உயிரோடு இருக்கிறான், கை காலோடு நன்றாக இருக்கிறான். ஆனால் தோட்டத்தில் இல்லை. நேற்று லாரியில் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே லோபாக்கில் ஒரு கொட்டகையில் நாலைந்து தோட்டத்து ஆட்களோடு வைத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை காலை ரயில். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதம் என்கிறார்கள். மாசியில் போன பன்னிரண்டு பேருக்கும் மூன்று மாதம் என்றுதான் சொன்னார்கள். ஆனி வந்துவிட்டது, ஒருவரிடமிருந்தும் ஒரு வரி இல்லை. அந்தப் பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் குழாயடியில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை.

நடந்ததை நான் சொன்னால்தான் சரியாக இருக்கும். இங்கே ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

போன வியாழக்கிழமை ஜப்பான் அதிகாரி வந்தான். ஐந்தடி ஆள், ஆறடி வாள். அது தரையில் இழுபடாமல் இருக்க ஒரு சிப்பாய் பின்னால் தூக்கிக்கொண்டு வந்தான் என்று சொன்னால் நம்பமாட்டாய். என்னைப் பார்த்ததும் இவன்தான் இங்கே பெரியவன் என்று தெரிந்துகொண்டு லேசாகத் தலையை ஆட்டினான். ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஆண்களில் எட்டுப் பேர், செவ்வாய்க்கிழமைக்குள் என்றான். யார் யார் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள், கொடுக்காவிட்டால் லைன் வீடுகளுக்குள் நுழைந்து கையில் கிடைத்தவரை ஏற்றுவோம் என்று மொழிபெயர்க்க வந்தவன் சொன்னான்.

கிராணிக்கு வேர்த்துக் கொட்டியது. "என் கையால எப்படிய்யா எட்டுப் பேரு எழுதுவேன்? நாளைக்கு அந்தப் பொம்பளைங்க மொகத்துல முழிக்க வேணாமா?" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குலுக்கிப் போடலாம் என்றார்கள். ஐந்து பிள்ளைக்காரன் பெயர் விழுந்தால் என்ன செய்வது என்று பெண்கள் கத்தினார்கள். அப்போதுதான் நான் எழுந்தேன்.

உனக்கு நினைவிருக்கும், சண்டைக்கு முன்னால் இங்கே ஒரு சின்னத் துரை இருந்தார், ஆஸ்திரேலியாக்காரர். என்னிடம் யோசனை கேட்காமல் ஒரு வேலையும் செய்யமாட்டார். அவர் நாட்டில் ஓட்டு என்றால் ஒரு பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு வந்துவிட முடியாதாம். சீட்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனைக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிடித்த வரிசையில் எண் போடவேண்டும். ஒரு பெயரை விட்டாலும், ஓர் எண்ணை இரண்டு தடவை எழுதினாலும் சீட்டு செல்லாது. ஒரு சமயம் அந்தச் சீட்டு வேட்டி நீளம் இருந்ததாம். அதையே இங்கே செய்வோம் என்றேன். தோட்டத்தில் இருக்கவேண்டியவனுக்கு ஒன்று. அப்படியே இறங்கிக்கொண்டு போய், போனாலும் போகட்டும் என்கிறவனுக்கு நாற்பது. யார் கையும் தனியாகக் கறைபடாது. கிராணி என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். இது சத்தியம்.

நாற்பது ஆண்கள், முப்பத்தொரு வீடு, வீட்டுக்கு ஒரு சீட்டு. பால் எடை எழுதின பழைய நோட்டுகளைக் கிழித்து, மரவள்ளி மாவுப் பசையால் ஒட்டி, சீட்டுகளை நானே செய்தேன். முப்பத்தொரு சீட்டிலும் நாற்பது பெயர். மூன்று நாள் விரல் மடங்கவில்லை. ஒரே வரிசையாக எழுதினால் தலைத்துண்டு நீளம் வருகிறது என்று இடப்பக்கம் இருபது, வலப்பக்கம் இருபது என்று இரண்டு வரிசையாக எழுதினேன்.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். சின்னத் துரை இன்னொன்றும் சொல்லியிருந்தார். சீட்டு நீளமாக இருந்தால் ஜனங்களுக்கு அலுத்துவிடும். நாலைந்து பெயருக்கு யோசித்துப் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு மேலிருந்து கீழே வரிசையாக எண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். ஆக, சீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். இந்தத் தோட்டத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான். இடப்பக்கத்தில் தலைப்பெயர் என்னுடையது. எழுதுகிறவன் பெயர் முதலில் இருப்பதுதானே முறை? அதற்கு அடியிலேயே சந்திரனை எழுதினால், மாமன் மருமகனை ஒளித்துவைக்கிறான் என்று சன்னாசி வாயைத் திறப்பான். அதனால் வலப்பக்கத்துக்குத் தலையாக அவனை வைத்தேன். இடப்பக்கம் இருபது முடிந்து, அவனுக்கு இருபத்தொன்று விழும். போகவேண்டியவர்கள் முப்பத்துமூன்றிலிருந்து நாற்பது வரை. நடுவில் பதினொரு பேர் மதில் மாதிரி நிற்பார்கள். அவனுக்குக் கீழே எனக்கு வேண்டிய ஏழு பேரை எழுதினேன். வலப்பக்கத்தில் அடியில் இருந்த எட்டுப் பெயர் யார் யார் என்று கேட்காதே. கடைசிப் பெயர் சன்னாசி. நான் தராசைப் பிடிக்கும் விதத்தைப் பற்றி ஊர் முழுக்கப் பேசினவன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைக் கொட்டகையில் வைத்துச் சீட்டுக் கொடுத்தோம். அவ்வளவு ஜனம் இருந்தும் சத்தமே இல்லை. தொட்டில் கயிறு உரசுகிற சத்தம் மட்டும்தான். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பெயரைப் படித்துச் சொன்னேன். எண் எல்லோருக்கும் போடத் தெரியும். சில வீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று வரைக்கும் யோசித்துப் போட்டார்கள், முத்தாயி. மிச்சப் பேருக்கு அதுவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரனையும் எதிர்வீட்டுக்காரனையும் வைத்துக்கொண்டு எவன் முன்னால், எவன் பின்னால் என்று கேட்டால் என்ன செய்வார்கள்? தப்பாகப் போட்டால் சீட்டு செல்லாது என்று வேறு நான் மிரட்டி வைத்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு, பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிற மாதிரி, ஒவ்வொரு பெயராக எண் போட்டுக்கொண்டே போனார்கள். நான் நினைத்தபடியேதான் நடக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

கிராணி எண்ணினார். நாற்பது என்ற எண் யாருக்கு அதிகம் விழுந்திருக்கிறதோ அவன் முதல் ஆள். அவன் பெயரை எல்லாச் சீட்டிலும் அடித்துவிட்டு, மிச்சத்தில் யார் கடைசி என்று மறுபடி எண்ணவேண்டும். இப்படி எட்டுத் தடவை. மூன்று சீட்டு செல்லாது. இருபத்தெட்டு சீட்டில் பத்தொன்பதில் நாற்பது என்ற எண் ஒரே பெயருக்கு நேரே இருந்தது.

சந்திரன்.

எனக்குப் புரியவில்லை. சீட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் ஒன்றிலிருந்து இருபது வரை நான் நினைத்தபடியே கீழே இறங்குகிறது. வலப்பக்கத்தில் இருபத்தொன்று அடியில் இருக்கிறது. சன்னாசிக்கு இருபத்தொன்று. அங்கிருந்து மேலே ஏறி, உச்சியில் சந்திரனுக்கு நாற்பது. ஒரு சீட்டு இல்லை, பத்தொன்பது சீட்டும் அப்படி.

சன்னாசிதான் விளக்கினான். அவன் குரலில் சிரிப்பு இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அண்ணே, நீங்க ஒரு நாளாச்சும் கத்தி புடிச்சு மரம் வெட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்லா. ஒரு மர நெறையில எறங்கிப் போனவன் அடுத்த நெறையில ஏறித்தானே வருவான்? வாளியத் தூக்கிக்கிட்டு மறுபடியும் தலைக்கா ஓடுவான்?" என்றான்.

இருபத்திரண்டு வருஷம் இந்தத் தோட்டத்தில் இருக்கிறேன். ஸ்டோரில் தராசோடு நின்றிருக்கிறேன். மர நிரைக்குள் போனதில்லை. பாதி மரத்தை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட்டாகிவிட்டது, ஆனாலும் அவர்கள் கை மறக்கவில்லை. யாரும் சந்திரனை வெறுத்து நாற்பது போடவில்லை, முத்தாயி. அதை நீ நம்பவேண்டும். அவனுக்கு மூன்று வீட்டில் ஒன்று என்று போட்டிருந்தார்கள். ஆத்தங்கரை வீட்டுக் கிழவி, தண்ணீர் தூக்கிக் கொடுக்கிற பிள்ளை என்று சொல்லிப் போட்டாள்.

மறுபடியும் ஓட்டு வைப்போம் என்றேன். கிராணி தலையை ஆட்டவில்லை. தப்பித்தவர்களெல்லாம், நான் சொன்ன முறைதானே என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நேற்று காலை லாரி வந்தது. மாசியில் போனவர்களைக் கம்பளி, தட்டு எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இந்தத் தடவை ஒன்றும் வேண்டாம் என்றார்கள். எட்டுப் பேரையும் நிறுத்தி, பதில் ஆள் யாராவது வருகிறீர்களா என்று கிராணி கேட்டார். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். சட்டையைக் கழற்றி மார்பைக் காட்டி, "என்னை எடுத்துக்கொள், அந்தப் பிள்ளையை விடு" என்று அதிகாரியின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவன் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, வாள் உறையால் என்னைப் பின்னுக்குத் தள்ளினான். மூன்று தடவை வந்தேன், மூன்று தடவையும் தள்ளினான். தோட்டமே பார்த்தது.

சந்திரன் லாரியில் ஏறுவதற்கு முன் அவனுடைய நல்ல சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். "அங்க குடுப்பாங்களாம் மாமா, நீங்க போட்டுக்கங்க. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க, நானே வந்து சொல்லிக்கிறேன்" என்றான். அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தோளில் எனக்கு இறுக்குகிறது.

போகும்போது அந்த அதிகாரி சீட்டுகளைக் கேட்டான். எட்டுப் பெயர்தான் தந்தாகிவிட்டதே என்றார் கிராணி. மிச்ச முப்பத்திரண்டு பேர் வரிசையும் வேண்டும் என்றான். பசை ஒட்டிய என் சீட்டுகளைச் சுருட்டி, கயிறு கட்டி, லாரியின் முன்பக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். இனி இங்கே யாரும் ஓட்டுப் போடவேண்டாம். அடுத்த லாரிக்கு யார், அதற்கடுத்ததற்கு யார் என்று அவன் கையில் இருக்கிறது. இன்று காலை பிரட்டில் பெயர் கூப்பிட நின்றபோது ஒவ்வொருவனும் தன் எண்ணை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் எண் ஒன்று. எல்லோரும் போன பிறகு கடைசியாகப் போவது நான்.

பஞ்சாலை, இனிமேல் மெதுவாகப் படி.

முத்தாயி, சன்னாசி சொன்னதும், சீட்டைச் சுருட்டிக் கொண்டுபோனதும், நான் பெயர்களை அடுக்கியதும் நடந்தது நடந்தபடி. வாள் நீளத்தையும் கிராணியின் கண்ணீரையும் கொஞ்சம் கூட்டியிருப்பேன், அது என் வாய் உனக்குத் தெரியும். ஆனால் ஒன்று மட்டும் நடக்கவே இல்லை. நான் வரிசையை விட்டு வெளியே வரவில்லை. பதில் ஆள் உண்டா என்று கிராணி இரண்டு தடவை கேட்டார். இரண்டாம் தடவை என்னைப் பார்த்தே கேட்டார். எனக்கு நாற்பத்தேழு, ஐம்பதுக்குள்தான். என் கால் நகரவில்லை. சந்திரன் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வெட்கப்படக்கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், அந்தப் பிள்ளை.

ரயில் கிளம்புகிற வரைக்கும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வார்களாம். கிராணி இப்போதுதான் வந்து சொல்லிவிட்டுப் போனார். சும்மா சொன்ன மாதிரிதான் சொன்னார். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது மரவள்ளி ஏற்றி வரும் முருகையா. அவன் லோபாக் வழியாகத்தான் மம்பாவுக்கு வருவான். மூட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது என்கிறான். மாட்டைப் பூட்டிவிட்டு, வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உன் வயிறு குளிரவேண்டும் தங்கச்சி. இதைப் படித்து முடித்ததும் வெளியே வந்து, தோட்டத்திலிருந்து கிளம்பும்போது வண்டியில் எத்தனை பேர் என்று முருகையாவைக் கேள். இரண்டு பேர் என்றால், நான் லோபாக்கில் இறங்கிக்கொண்டேன், பின்னாலேயே வரும் சந்திரனுக்குச் சோறு எடுத்து வை. ஒருவன்தான் என்றால், உனக்கு அண்ணன் என்று ஒருவன் இருந்தான் என்பதைப் பஞ்சாலையும் மறந்துவிடட்டும்.

இப்படிக்கு,
நீ நம்பிப் பிள்ளையை ஒப்படைத்த
இராஜமாணிக்கம்