தாம்பூலத் தட்டில் வைத்த காகிதம்

தென்காசி,
விய வருஷம் ஐப்பசி 14

சிரஞ்சீவி முத்துக்குமாரசாமிக்கு, அம்மா பேராச்சி மனம் நிறைய ஆசீர்வதித்து எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை வடிவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்கிற சேதி வர வேண்டும். எட்டு நாளாக அடைமழை, குற்றாலத்தில் அருவிப் பக்கம் யாரையும் விடவில்லையாம், துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. அப்பா கடைத்தெருவுக்கே போகவில்லை, மழை என்கிறார்கள், குடை சும்மாதான் தொங்குகிறது.

உனக்கு இதை எழுத வேண்டாம் என்று அப்பா தடுத்தார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. ஏரோப்பிளான் விற்பதற்காக மதராஸ் கம்பெனிக்குக் கொடுக்கப் போகிற டெண்டர் காகிதம் என்று டைப் அடித்த நகல் ஒன்று அனுப்பினாயே, அதோடு ஒரு கடிதமும் வைத்திருந்தாய். நம் பக்கத்து வெயிலில், திருவனந்தபுரத்துச் சின்ன மைதானத்திலிருந்து ஏரோப்பிளான் கிளம்ப வேண்டுமானால் பதினெட்டுப் பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது உன் கணக்கு, போட்டிக் கம்பெனி இருபத்தொன்று என்று எழுதிவிட்டதால் உன் கம்பெனித் துரையும் இருபத்தொன்று என்றே அடிக்கச் சொல்லி உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்லுகிறார், போடாவிட்டால் வேலை போய்விடும், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். மேலே இருப்பவர் சொன்னபடி செய், மூன்று பேர் கூடினால் குடி முழுகிவிடாது என்று பதில் எழுதியது நான்தான். வடிவுக்கு நிச்சயம் வைத்திருந்த நேரம், உன் உத்தியோகத்தைப் பார்த்துத்தான் ஆலங்குளத்தார் பெண் கேட்டார்கள், என் கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அப்பா செய்த காரியத்தைக் கேள். நிச்சயத்தன்று வெற்றிலை பாக்கு தேங்காய் வைத்த தட்டில் உன் டெண்டர் காகிதத்துக்கும் குங்குமம் தொட்டு மேலே வைத்துவிட்டார்கள், பையன் எழுதினதைச் சபை பார்க்கட்டுமாம். சம்பந்தி காந்திமதிநாதன் பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். வாசித்துவிட்டு, இந்த மதராஸ் கம்பெனிதானே தை மாசம் திருவனந்தபுரத்துக்கு ஏரோப்பிளான் விடப்போகுது, கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணும் மாப்பிள்ளையும் அங்கன போயி அதுலதான் மதராஸுக்குப் போகணும், மச்சான் வித்த ஏரோப்பிளான்ல நாம ஏறாம வேற யாரு ஏறுவா என்றார். சபையே சிரித்தது, அப்பா சிரித்தார்கள், வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். தட்டு கை மாறிவிட்டது.

நேற்று நெல் ஏற்ற வந்த வண்டிக்கார மாடன் இரண்டு மூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டான். ஏன் என்றால், புளியறை மேடு ஏறணும் ஆச்சி, மாடு படுத்துட்டுன்னா நீங்களா வந்து தூக்குவிய என்கிறான். படிக்காதவன் அவன், என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனான். படித்த பிள்ளை நீ கேட்டபோது நானே வாயை அடைத்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் உன் வேலை போகும், வேலை போனால் சம்பந்தம் நின்றுபோகும், தட்டு மாற்றிய பெண்ணை அப்புறம் யார் கேட்பார்கள். சொல்லாவிட்டால் அவளே போய் அதில் உட்காருவாள், அவளோடு மாப்பிள்ளையும் ஊர் பெயர் தெரியாத பத்தொன்பது பேரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருக்கிறது ஐயா. அப்பாவும் நானும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்த்துப் பேசவில்லை. கார்த்திகை பிறப்பதற்குள் கையெழுத்தாக வேண்டும் என்றாய், போட்டாயோ இல்லையோ தெரியவில்லை. போடாதே என்று எழுதக் கை வரவில்லை, போடு என்று எழுதவும் வரவில்லை.

உன் கடிதத்தை வடிவு எடுத்து வாசித்துவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. எம்மா, அண்ணனுக்கு எழுதும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டு எழுது, நான் அதுல ஏறலாமா என்றாள். சொல்லிவிட்டு ஈரத் துணியை உதறிப் போடப் போய்விட்டாள்.

குற்றாலநாதர் துணையிருப்பார், நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, உஷ்ணத்தை வளர்க்காதே. வடிவு கேட்டதற்கு இந்தக் கடிதம் கண்ட அன்றே பதில் எழுது. என் பெயருக்கு வேண்டாம், அவள் பெயருக்கே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
பேராச்சி