விலைக்கழிவில் வாங்கிய கம்ப்யூட்டர்

மார்ச் 3, சனி
காலையிலிருந்து தூறல். கண்டிக்குப் போய் மகள் நஸ்ரினுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. விலைக்கழிவில், போட்ட விலையைக் குறைத்து. டவுனுக்கு வேலைக்கு விட மாட்டேன் என்றது நான்தான். குண்டுப் பயம், பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதனை. வீட்டிலேயே டைப் பண்ணட்டும். பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சைப் பேப்பர்கள் வியாழன் கொடுக்கணும். ஒழுங்காகக் கொடுத்தால் வருசம் முழுக்க வேலை, பள்ளி அதிபர் சொன்னது.

யாசீன் ஓதி, பாற்சோறு கிண்டி, பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டோம். பிஸ்மி சொல்லி நஸ்ரின் ஸ்விட்ச் போட்டாள். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரு வரி இங்கிலிஷ். அவ்வளவுதான்.
"படம் எப்ப தொடங்கும்?" பக்கத்து வீட்டு ஹாஜரா. வேண்டுமென்றே.

ஞாயிறு
கடைக்கு போன்.
"மெஷினுக்குத்தான் கழிவு லாத்தா. அத ஓட்டுற சொப்ட்வெயார் வேற. பில்லுல போட்டிரிக்கி."
பார்த்தேன். போட்டுத்தான் இருக்கு, எறும்பு எழுத்தில். வீட்டுக் கணக்கில் உப்பு, நெருப்புப்பெட்டி வரை எழுதுகிறவள், இதை வாசிக்கவில்லை. அதன் விலையோ மெஷினில் பாதி. கழிவில் விற்ற சாமானைத் திருப்பியும் எடுக்க மாட்டானாம்.

திங்கள்
இவர், நஸ்ரினின் வாப்பா, ஒரு சீடி கொண்டுவந்தார். அந்த சொப்ட்வெயார்தான், கொப்பி அடித்தது.
"எல்லாரும் போடுறதுதானே."
"எல்லாரும் போட்டா ஹலாலாகுமா?"
"அப்ப அதுக்கு மேல பூச்சாடிய வை."
மௌலவியிடம் கேட்டு வரச் சொன்னேன். உரியவன் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாது என்றாராம். சொல்லிவிட்டு, தன் கம்ப்யூட்டரில் இருப்பதும் கொப்பிதான், இனி என்ன செய்ய என்று இவரிடமே கேட்டாராம். சீடியைத் திருப்பி அனுப்பினேன். இவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தார்.

செவ்வாய்
அரிசி, தேங்காய், மண்ணெண்ணெய். மழை விடவில்லை. ஹாஜரா வேலிக்கு மேலால், "படம் முடிஞ்சா?"

புதன்
நஸ்ரின்: "உம்மா, கண்டி அச்சகத்துல என்ட கூட்டாளி இரிக்கிறா. அங்க சொப்ட்வெயார் எல்லாம் காசு குடுத்து வாங்கினது. நாளைக்குப் போய் அடிச்சிட்டு வாறன்."
"பஸ்ஸுலயா?"
"கொப்பியும் வேணாம், பஸ்ஸும் வேணாம்னா?"
லுஹர், அஸர் தொழுகை இரண்டிலும் மனம் நிற்கவில்லை.

வியாழன்
முதல் பஸ்ஸில் போனாள். அடையாள அட்டை இருக்கா என்று மூன்று தரம் கேட்டேன். ரேடியோவை அணைக்கவில்லை. சோறு அடிப்பிடித்தது.
மஃரிபுக்குப் பிறகு, இருட்டியதும் வந்தாள். பேப்பர் கொடுத்தாச்சு. முகம் பூரா சிரிப்பு.
"அச்சகத்துல தெனமும் வரச் சொல்றாங்க உம்மா."
வாப்பாவிடம் கேள் என்றேன். விட மாட்டேன் என்றது நீதானே என்பதுபோல் இவர் என்னைப் பார்த்தார்.