நந்தினியின் முழங்காலும் நான் அடித்துவிட்ட பெயரும்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலிருந்தே காற்று. மைதானத்து மண் முழுக்க ஸ்டாஃப் ரூமுக்குள். கோடு போடச் சுண்ணாம்பு வாங்கணும். ஒன்பதாம் வகுப்பு எடை, உயரம் பாக்கி.

நந்தினி இன்றும் வரவில்லை. பிளஸ் ஒன், என் கபடி அணியில் முதல் ரெய்டர். வெள்ளிக்கிழமை குறுவட்டப் போட்டியில் விழுந்தவள். வலது முழங்கால் வீக்கம் வடியவில்லை. அவள் அப்பா போன். வேடசந்தூர் மில்லில் வேலை.

"டீச்சர், எனக்கு ஒரு டாக்டரையும் தெரியாது. நீங்களே நல்ல ஆளாப் பாத்துச் சொல்லுங்க. உங்கள நம்பித்தான் இருக்கோம்."

நம்புகிறாராம். அரையிறுதியிலேயே கால் திருகிவிட்டது. "மூட்டு நழுவுற மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். வலி தெரியாமலிருக்க ஸ்ப்ரே அடித்தேன், கிரேப் பேண்டேஜ் சுற்றினேன், "செத்த நேரந்தான்டி, சமாளி" என்று இறுதிப் போட்டியில் இறக்கிவிட்டேன். மாவட்டத்துக்குப் போகும் ஆசை எனக்கு. அதே கால் மறுபடி திருகி விழுந்தாள். ஆனாலும் ஜெயித்தோம். கோப்பை பீரோ மேல். பார்க்கவே பிடிக்கவில்லை.

ஸ்ப்ரே விஷயம் அவள் அப்பாவுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
விசாரித்தவரை:
– பஸ் ஸ்டாண்ட் பக்கத்து எலும்பு டாக்டர். கை கால் முறிவுக்குப் பேர் போனவர். மூட்டுக்கு எப்படியோ.
– மதுரை. தூரம். மில்லில் லீவு தர மாட்டார்கள்.
– டாக்டர் செ., திண்டுக்கல்லிலேயேதான். விளையாட்டில் அடிபட்ட மூட்டு என்றால் இவர்தான் என்று மூன்று பேர் சொன்னார்கள்.

அவர்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். போன வருஷம் வேறொரு பெண்ணை அவரிடம் கூட்டிப் போனேன். நர்ஸ், பேஷண்ட் எல்லார் முன்னாலும் சொன்னார், "ஸ்ப்ரே வலியத்தான் மறைக்கும் டீச்சர். திருகுன கால வச்சு இனி யாரையும் ஆட விடாதீங்க." தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்
பஸ் ஸ்டாண்ட் டாக்டர். நந்தினி, அவள் அப்பாவோடு இரண்டு மணி நேரம் காத்திருப்பு. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை.

"எப்பம்மா அடிபட்டுச்சு?"

நந்தினி என்னைப் பார்த்தாள். "ஃபைனல்ல சார். ஒரே தடவதான்."

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே எனக்காகப் பொய் சொன்னாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. அப்பா கும்பிட்டார். வெளியே டீ வாங்கித் தந்தார். வெட்கமில்லாமல் குடித்தேன்.

ஆகஸ்ட் 16, சனி
தூறல். துவைத்த துணி காயவில்லை. அப்பா போன்.

"வீக்கம் வத்திருச்சு டீச்சர். ஆனா படி எறங்கையில கால் மடங்கி விழுந்துட்டா."

ஒன்பது நாள் வீண். ஒரு ஆள் திட்டுவார் என்று பயந்து அந்தப் பிள்ளையின் காலோடு விளையாடியிருக்கிறேன். நானெல்லாம் ஒரு டீச்சர்.

டாக்டர் செ.யிடம் டோக்கன் போட்டாயிற்று. திங்கள், 11 மணி. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. வீட்டுக்காரர் மோர் ஊற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்
நந்தினியையும் அவள் அப்பாவையும் கூட்டிப் போனேன். டாக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. திட்டியிருந்தால் தேவலை. முழங்காலை மடக்கி, கெண்டைக்காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மூட்டைப் பிடித்திருக்கும் லிகமென்ட் அறுந்திருக்கும் போல, ஸ்கேன் எடுக்கணும் என்றார்.

"எத்தன தடவம்மா திருகுச்சு?"

"ஒரு தடவ சார்."

"ரெண்டு தடவ சார்" என்றேன். "மொதத் தடவையே எங்கிட்ட சொன்னா. நாந்தான் ஸ்ப்ரே அடிச்சு ஆட விட்டேன்."

அப்பாவைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் மூட்டைப் பார்த்துச் சொன்னேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். "அப்ப உள்ள ஜவ்வும் கிழிஞ்சிருக்கலாம். அதையும் பாக்கணும். மொதல்லயே வந்திருக்கலாமே." யாரைப் பார்த்துச் சொன்னார் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே வந்து அப்பா ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டார். பிறகு, "வலிக்குதுன்னு சொன்னாளா டீச்சர்?"

"சொன்னா."

"அப்பா, டீச்சர ஒண்ணும் சொல்லாதீங்கப்பா" என்று அழுதாள் நந்தினி.

அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார். காலை நீட்டி வைத்து, தன் துண்டை மடித்து அடியில் கொடுத்தார். நானும் ஏறப்போனேன்.

"இனி நாங்க பாத்துக்கிறோம் டீச்சர். நீங்க பஸ்ல போங்க."

அப்போதும் டீச்சர் என்றுதான் சொன்னார்.