வாபஸ் வாங்கமாட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க மூட்டுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்கா போடறாங்களா?

ஒரு சின்ன விஷயம், பதறாதீங்க. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குள்ள பர்ஸ் கொண்டுபோக விடமாட்டாங்க. அதனால என் பேங்க் கார்டு என்கூடத் தங்கியிருந்த நம்ம ஊர்க்காரிகிட்டதான் இருக்கும். ரகசிய நம்பரும் சொல்லியிருந்தேன். அவ என் கணக்கையே வழிச்செடுத்துட்டு, நான் எடுக்கலைன்னு சாதிச்சா.

"நம்பர் சொன்னது உங்க தப்பு"ன்னு பேங்க்ல கைவிரிச்சாங்க. போலீஸ்காரர், "ஃப்ரெண்டுதானே, பேசித் தீர்த்துக்கோம்மா"ன்னார்.

"பேசிப் பழகித்தான் சார் கார்டையே கொடுத்தேன். நம்பர் சொன்னது என் ஏமாளித்தனம், பணத்தை எடுத்தது திருட்டு. புகாரை எழுதிக்கோங்க"ன்னேன். ஏடிஎம் கேமரா படத்தையும் வரவழைக்க வெச்சேன். படத்துல அவ போட்டிருந்தது அம்மா எனக்கு அனுப்பின ஸ்வெட்டர். வழக்கு பதிவாயிடுச்சு.

அவங்க அப்பா உங்ககிட்ட வந்து அழுவார். காபி கொடுங்க, வாக்கு மட்டும் கொடுத்துடாதீங்க. நான் வாபஸ் வாங்கமாட்டேன்.

ஷிப்டுக்கு நேரமாச்சு. அம்மாகிட்ட ஒண்ணு கேட்டு எழுதுங்க. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்? ரெண்டு பேருக்கே பொங்கிப் பழகிட்டேன்.

உங்க பிடிவாதக்காரி