பேர் தெரியாதவன் கீறின மாதா

மனோர் பார்க், லண்டன்

என்ர மனுசி மதலேனம்மாவுக்கு,

மாதா புண்ணியத்தில நான் சுகம். உம்மட முழங்கால் நோ எப்பிடி? வாய் சுகமாத்தான் இருக்கும்.

நான் கூட்டித் துடைக்கிற படக்கூடத்தில மாதா படம் ஒண்டு கிடக்கு. சிவப்புச் சோக்கால கீறி ஐந்நூறு வருசமாம். கீறினவன் பிறதேசம் போய் வேலை செய்தவனாம், பேர் ஒருத்தருக்கும் தெரியாதாம். மூச்சு விட்டால் கண் முழிச்சிடுவா போல கிடக்கு! என்னையறியாமல் சப்பாத்தைக் கழட்டி முழந்தாளில நிண்டிட்டன். காவல்காரன் ஓடிவந்து, "விழுந்திட்டியோ?" எண்டான்.

"இல்லை ராசா, மாதா நித்திரை. சத்தம் போடாதை" எண்டன்.

முகம் உம்மைப்போலதான். வாய் மூடிக்கிடந்தபடியால்தான் நீரில்லை எண்டு தெரிஞ்சுது.

உம்மட படம் ஒண்டு கெதியா அனுப்பும். பின்பக்கத்தில எங்கட ரெண்டுபேற்ற பேரையும் எழுதிவிடும். பிறகு பாக்கிறவை ஆரெண்டு தெரியாமல் முழிக்கக்கூடாது.

ஷிப்டுக்கு நேரமாச்சு.

உம்மட சவேரிமுத்து